மிலான் ஆயர் அம்புரோஸ்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

டிசம்பர் 7 புனித அம்புரோஸ் திருநாள். அதை முன்னிட்டு இந்த முறை அவரைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் குருவானவர் அல்ல. பங்கில் பல வருடம் மறைக்கல்வி எடுத்தவன், திருச்சபை வரலாறு என்றால் சாப்பாட்டை மறப்பவன். மிலானில் அவர் எலும்புகள் இருக்கும் நிலவறையில் இரண்டு முறை நின்றிருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருவிலேயே மூன்று அம்புரோஸ் இருக்கிறார்கள். புனிதர் யார் என்று கேட்டால் மூவரும் முழிக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

339 வாக்கில் ட்ரியர் நகரில் பிறந்தவர். இன்று அது ஜெர்மனியில் இருக்கிறது, அன்று ரோமப் பேரரசின் பெரிய நிர்வாக நகரம். அப்பா உயர்ந்த அரசு அதிகாரி, இன்றைய பிரான்சை ஒட்டிய ‘கால்’ (Gaul) என்ற பகுதி முழுவதும் அவர் பொறுப்பில். அப்பா சீக்கிரம் இறந்துவிட, அம்மா மூன்று பிள்ளைகளையும் ரோமுக்கு அழைத்துப் போனார். அக்கா மார்செல்லினா கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தவர், அண்ணன் சாத்தீருஸ், கடைக்குட்டி அம்புரோஸ். மூவருமே புனிதர்கள். சட்டம் படித்து வக்கீலாகி, 370ஐ ஒட்டி வட இத்தாலியில் ஒரு மாகாணத்துக்கு ஆளுநரானார். தலைமையிடம் மிலான். 374இல் அதே நகருக்கு ஆயர் (பிஷப்). 397இல் இறக்கும்வரை அந்தப் பதவிதான்.

கேள்வி: அவர் திருமுழுக்குக்கூடப் பெறாமல் ஆயரானார் என்கிறார்களே, அது எப்படிச் சாத்தியம்?

பெறாமல் ஆகவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டபோது பெற்றிருக்கவில்லை. அந்தக் காலத்தில் பெரிய குடும்பங்களில் திருமுழுக்கைத் தள்ளிப்போடுவது சகஜம். அதிகாரியாக இருப்பவன் தண்டனை கொடுக்க வேண்டும், சித்திரவதைக்கு உத்தரவிட வேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு இதெல்லாம் செய்தால் பாவக் கணக்கு ஏறுமே என்ற பயம்.

374இல் மிலான் ஆயர் ஔக்செந்தியுஸ் இறந்தார். அவர், இயேசு தந்தைக்குச் சமமல்ல என்ற ஆரியுசின் கொள்கைக்காரர். அடுத்தவர் யார் என்பதில் ஊர் இரண்டுபட்டது. கோவிலுக்குள் கைகலப்பு வரும் நிலை. ஆளுநர் என்ற முறையில் அம்புரோஸ் அமைதிப்படுத்தப் போனார். பேசிக்கொண்டிருக்கும்போதே “அம்புரோஸ் ஆயர்!” என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டதாம். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஒரே பெயரைச் சொன்னதுதான் விசேஷம்.

இதற்குப் பின் நடந்ததை அவருடைய எழுத்தராக இருந்த பவுலினுஸ் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் பெரிய இறையியலாளராகப் பெயர்பெற்ற புனித அகுஸ்தினார் கேட்டுக்கொண்டதால் எழுதிய வாழ்க்கை வரலாறு அது. அம்புரோஸ் தப்பிக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தார். நேராக நீதிமன்றம் போய் வழக்கத்துக்கு மாறாகச் சித்திரவதைக்கு உத்தரவிட்டார், “இவன் கொடூரன்” என்று ஜனங்கள் கைவிடட்டும் என்று. கூட்டம், “உன் பாவம் எங்கள் மேல் இருக்கட்டும்” என்றது. அப்புறம் எல்லாரும் பார்க்க விலைமகளிரை வீட்டுக்குள் வரவழைத்தார். அதற்கும் அசையவில்லை. நடுராத்திரியில் பவியா பக்கம் ஓடினார். விடிந்து பார்த்தால் மிலானின் ரோம வாசலிலேயே நிற்கிறார், வழி தப்பிச் சுற்றியிருக்கிறார். கடைசியில் பேரரசரின் சம்மதமும் வந்துவிட, வேறு வழியில்லை. திருமுழுக்கு முதல் ஆயர்நிலைவரை எல்லாம் எட்டு நாளுக்குள் முடிந்தது. டிசம்பர் 7 அவர் இறந்த நாள் அல்ல, ஆயரான நாள். புனிதர்களில் இது கொஞ்சம் அபூர்வம். அவர் இறந்த ஏப்ரல் 4 பெரும்பாலும் தவக்காலத்திலோ பாஸ்கா நாட்களிலோ விழுந்துவிடும்.

கேள்வி: படங்களில் அவர் பக்கத்தில் தேன்கூடு இருக்கிறதே?

தொட்டிலில் தூங்கிய குழந்தையின் முகத்தில் தேனீக்கள் மொய்த்து, வாய்க்குள் போய் வந்து, பிறகு கண்ணுக்கெட்டாத உயரத்துக்குப் பறந்துவிட்டனவாம். பணிப்பெண் பதறி ஓட, அப்பா தடுத்தாராம். பவுலினுஸ் சொல்லும் கதை. பிளேட்டோவைப் பற்றியும் இதே கதை உண்டு. இனிக்கப் பேசுபவருக்குத் தேன் கதை வந்து ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். தேனீ வளர்ப்பவர்களுக்கும் மெழுகுத்திரி செய்பவர்களுக்கும் அவர் பாதுகாவலர்.

கேள்வி: “ஆரியரை எதிர்த்துப் போராடினார்” என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். எந்த ஆரியர்?

இதை நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்! நம் அரசியல் மேடை ஆரியர் இல்லை. ஆரியுஸ் என்பவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு குரு. இயேசு தந்தைக்குச் சமமானவர் அல்ல, படைக்கப்பட்டவர் என்று போதித்தார். 325இல் நிசேயா சங்கம் அதைத் தள்ளியது. தள்ளினாலும் அரண்மனையிலும் ராணுவத்திலும் அந்தக் கட்சி பலமாகவே இருந்தது. இனி எழுதும்போது “ஆரியுஸ் கட்சி” என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

கேள்வி: அம்புரோஸ் காலத்தில்தான் திருப்பண்டங்களை, அதாவது புனிதர்களின் எலும்பு போன்றவற்றை, பீடத்துக்கு அடியில் வைக்கும் வழக்கம் வந்தது என்கிறார்கள். அந்தக் கண்டெடுப்புக் கதையை விரிவாகச் சொல்ல முடியுமா?

விரிவாகவே சொல்கிறேன், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் சூழல். 386. மேற்குப் பேரரசர் இரண்டாம் வாலந்தினியன் பதினைந்து வயதுப் பையன். அவன் பெயரால் ஆட்சி செய்தவர் தாய் யுஸ்தினா. அவர் ஆரியுஸ் கட்சி. தங்கள் வழிபாட்டுக்கு மிலானில் ஒரு கோவிலை விட்டுக்கொடு என்று அம்புரோசைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். படைவீரர்கள் கோவிலைச் சூழ்ந்தார்கள். ஜனங்கள் உள்ளேயே ராப்பகலாக உட்கார்ந்துகொண்டார்கள். அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவும் அதில் ஒருவர். உட்கார்ந்திருந்த ஜனம் சோர்ந்துவிடாமல் இருக்க, கிழக்குத் திருச்சபை வழக்கப்படி பாட்டுப் பாட ஏற்பாடு செய்தார். மேற்கில் சபையே சேர்ந்து பாடும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது என்று அகுஸ்தினார் எழுதுகிறார். அம்புரோஸ் எழுதிய பாட்டுகள் நான்கு நான்கு அடியாக, அடிக்கு எட்டு அசையாக, ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும்படி இருக்கும். “பேரரசர் திருச்சபைக்கு உள்ளே இருக்கிறார், அதற்கு மேலே இல்லை” என்று அவர் பிரசங்கித்ததும் இந்தச் சமயத்தில்தான். அரண்மனை பின்வாங்கியது.

அதே வருடம் ஜூன் மாதம். ஊருக்கு வெளியே, கல்லறைப் பகுதியில் அம்புரோஸ் ஒரு புதுக் கோவில் கட்டி முடித்திருந்தார். தன்னை அடக்கம் செய்யவும் அதில் பீடத்துக்கு அடியில் இடம் ஒதுக்கியிருந்தார். அபிஷேகத்தின்போது ஜனங்கள், “ரோம வாசல் பக்கத்துக் கோவிலை அபிஷேகம் செய்தது போலவே இதையும் செய்யுங்கள்” என்று கேட்டார்கள். திருப்பண்டம் வைத்து என்று அர்த்தம். “மறைசாட்சிகளின் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின்) எலும்பு கிடைத்தால் செய்கிறேன்” என்றார். அதைச் சொன்ன உடனே மனதுக்குள் ஏதோ முன்னுணர்வு போல ஒரு சூடு பரவியது என்று, அக்கா மார்செல்லினாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

பெலிக்ஸ், நபோர் என்ற மறைசாட்சிகளின் கோவிலில், கிராதிக்கு முன்னால் தோண்டச் சொன்னார். குருக்களுக்கே பயம். தோண்டியதும் இரண்டு ஆண்களின் உடல்கள். “பழங்காலத்து மனிதரைப் போல வியக்கத்தக்க உருவம்” என்கிறார் கடிதத்தில். எலும்புகள் முழுசாக இருந்தன, ரத்தமும் நிறைய இருந்தது என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சிலர், இந்தப் பெயர்களை முன்பு கேட்டிருக்கிறோம், கல்வெட்டைப் படித்திருக்கிறோம் என்றார்கள். பெயர்கள் ஜெர்வாசியுஸ், புரொத்தாசியுஸ்.

அன்று சாயங்காலம் உடல்களைப் பக்கத்துக் கோவிலுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் கண்விழிப்பு. மறுநாள் புதுக் கோவிலுக்குப் பவனி. வழியில் செவேருஸ் என்ற பார்வையற்றவர் உடல்களை மூடியிருந்த துணியின் ஓரத்தைத் தொட்டார், பார்வை வந்தது. கறிக்கடைக்காரராக இருந்து, கண் போனதும் தொழிலை விட்டவர். ஊரே அறிந்த ஆள். மீதி நாளையெல்லாம் அந்தக் கோவிலிலேயே ஊழியம் செய்து கழித்தார்.

பீடத்தருகே வந்ததும் அம்புரோஸ் சொன்னது: இந்த இடத்தை எனக்கென்று ஒதுக்கியிருந்தேன். பலி ஒப்புக்கொடுத்த இடத்திலேயே குரு இளைப்பாறுவது தகுதிதான். ஆனால் வலப்பக்கத்தை இந்தப் புனிதப் பலிகளுக்கு விட்டுக்கொடுக்கிறேன், அது மறைசாட்சிகளுக்கு உரியது.

ஜூன் 19 அந்த இருவரின் திருநாளாக இன்றும் இருக்கிறது.

கேள்வி: மன்னிக்கவும், நான் நம்பிக்கை இல்லாதவன். அரண்மனையோடு தகராறு நடக்கும்போது, தேவைப்பட்ட நேரத்தில், கேட்ட இடத்தில் எலும்பு கிடைக்கிறது. உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?

மன்னிப்பு எதற்கு? அன்றைக்கே வந்த சந்தேகம் இது. அந்த எலும்புகளின் முன் பேய் பிடித்தவர்கள் குணமானதாகவும் சொல்லப்பட்டது; அப்படி நடிக்கக் காசு கொடுத்து ஆள் பிடித்தார் என்று அரண்மனைத் தரப்பு கேலி செய்தது. அம்புரோசே அந்தக் கேலியைக் குறிப்பிட்டுப் பதில் சொல்கிறார். கண்டெடுப்பு அவருக்கு அரசியல் ரீதியாக உதவியது என்பதில் எந்த வரலாற்றாசிரியருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

ஆனால் “உதவியது” என்பதிலிருந்து “ஜோடித்தார்” என்பதற்குத் தாவ முடியாது. அப்போது அகுஸ்தினார் மிலானில்தான் இருந்தார். இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை. பார்வை திரும்பிய செய்தியைத் தன் வரலாற்றிலும், பல வருடம் கழித்து எழுதிய பெரிய நூலிலும் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார், ஊரே அறிந்தது என்கிறார். இன்னொரு விஷயம், கல்லறைப் பகுதியில் தோண்டினால் எலும்பு கிடைக்கும். அது அதிசயமில்லை. கிடைத்த எலும்பு யாருடையது என்பதுதான் கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

ஒரு சுவையான தகவல் சொல்லட்டுமா? அதே 386, பிப்ரவரி மாதம், கிழக்கில் ஆண்ட பேரரசர் தியடோசியஸ் ஒரு சட்டம் போட்டிருந்தார்: புதைத்த உடலை யாரும் இடம் மாற்றக் கூடாது, மறைசாட்சியை யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது. சட்டம் போட வேண்டிய அளவுக்கு வியாபாரம் நடந்திருக்கிறது! கல்லறையை நோண்டுவது ரோமர் மரபில் பெரும் குற்றம். ரோமில் கல்லறை இருந்த இடத்துக்குப் போய்க் கோவில் கட்டினார்களே தவிர, உடலை எடுத்து வரவில்லை. கிழக்கில் 350களிலேயே உடலை இடம் மாற்றத் தொடங்கிவிட்டார்கள். மேற்கில் அதைப் பலரறியச் செய்து, பீடத்தோடு சேர்த்துக் கட்டிவைத்தவர் அம்புரோஸ்.

கேள்வி: அதோடு நிறுத்திக்கொண்டாரா?

இல்லை. 393இல் பொலோஞ்ஞாவில் வித்தாலிஸ், அக்ரிகோலா. 395இல் மிலானிலேயே நசாரியுஸ். தூரத்து ஆயர்களுக்கும் சிறு பகுதிகளை அனுப்பினார். பிரான்சின் ரூவான் நகர் ஆயர் விக்திரீசியுஸ், தனக்கு வந்த திருப்பண்டங்களை வரவேற்று ஒரு பிரசங்கமே எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: நான் பெந்தெகொஸ்தே சபை. எலும்பை வணங்குவது வேதத்தில் எங்கே இருக்கிறது சகோதரரே?

வணங்கச் சொல்லி வசனம் இல்லை சகோதரரே, அதை ஒளிக்க மாட்டேன். எலும்பு வழியாகக் கடவுள் செயல்பட்டதற்கு உண்டு. 2 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம்: எலிசாவின் கல்லறையில் போட்ட பிணம், அவருடைய எலும்பின்மேல் பட்டதும் உயிரோடு எழுந்து நின்றது. அப்போஸ்தலர் 19இல் பவுலின் உடம்பில் பட்ட துண்டுத் துணிகளால் நோய் நீங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை ஆராதனையைக் கடவுளுக்கு மட்டும் என்று வைத்து, திருப்பண்டத்துக்குக் கொடுப்பதை வெறும் மரியாதை வணக்கம் என்கிறது. நடைமுறையில் எங்கள் ஆட்களுக்கே அந்தக் கோடு சில நேரம் அழிந்துபோகிறது, உண்மைதான். இந்த விவாதம் நமக்கு முன்னாலும் நடந்தது. 400ஐ ஒட்டி விஜிலான்சியுஸ் என்ற குரு இதையே கேட்டு எதிர்த்து எழுதினார். புனித ஜெரோம் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். ஜெரோமுக்கு அது கைவந்த கலை.

கேள்வி: இணையத்தில் “புனிதரின் எலும்புத் துகள், சான்றிதழுடன்” என்று விற்கிறார்கள். வாங்கி வீட்டில் வைக்கலாமா?

வாங்காதீர்கள். திருச்சபைச் சட்டம் 1190 திருப்பண்டம் விற்பதை முற்றாகத் தடை செய்கிறது. விற்பனைக்கு வந்துவிட்டது என்றாலே ஏதோ கோளாறு. சிவப்பு அரக்கு முத்திரை, லத்தீன் காகிதம் எல்லாம் போலியாகவும் அச்சடிக்கலாம். உண்மையானதை மீட்கிறேன் என்று காசு கொடுத்தால் அடுத்த துகளுக்கும் சந்தை உண்டாகிறது. பங்குக் கோவிலுக்கு வேண்டுமென்றால் மறைமாவட்டம் வழியாகக் கேட்பதுதான் முறை.

கேள்வி: அம்புரோஸின் உடலுக்கு என்ன ஆனது? அழியாத உடல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

அழியாத உடல் அல்ல. எலும்புக்கூடு. அந்த வீடியோக்காரர் மிலானுக்குப் போகவில்லை என்று மட்டும் தெரிகிறது.

397, புனித சனி, ஏப்ரல் 4, விடியலுக்கு முன் இறந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து கைகளைச் சிலுவை போல விரித்து, உதடு மட்டும் அசைய, செபித்துக்கொண்டே இருந்தாராம். மேல்மாடியில் படுத்திருந்த வெர்செல்லி ஆயர் ஹொனோராத்துஸ், “எழுந்திரு, அவர் போகப்போகிறார்” என்ற குரலை மூன்று முறை கேட்டு, இறங்கி வந்து நற்கருணை கொடுத்தார். வாங்கியதும் உயிர் பிரிந்தது. மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. தான் கட்டிய கோவிலில், விட்டுக்கொடுத்த வலப்பக்கம் போக மீதியில் அடக்கம்.

நானூறு வருடத்துக்கும் மேல் அப்படியே. 824 முதல் 859 வரை பேராயராக இருந்த இரண்டாம் அஞ்சில்பெர்த், மூவர் எலும்பையும் எடுத்து ஒரே கருஞ்சிவப்புக் கல் பெட்டியில் வைத்து, மேலே தங்கத் தகடு போர்த்திய பீடத்தை அமைத்தார். அந்தப் பீடம் இன்னும் இருக்கிறது. பின்பக்கம் அம்புரோஸின் வாழ்க்கைக் காட்சிகள், தேனீயில் தொடங்கி மரணம் வரை. ஒரு மூலையில் அம்புரோஸ் ஒருவர் தலையில் முடி சூட்டுவது போல ஒரு காட்சி. முடி வாங்குபவர் அரசர் அல்ல, பீடத்தைச் செய்த பொற்கொல்லர். “வூல்வீனியுஸ், ஆசாரி” என்று பெயரோடு. 9ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் ஒருவர் தன் பெயரையும் முகத்தையும் பேராயருக்குச் சமமான இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அந்தக் கோவிலில் மிகப் பிடித்த சதுர அங்குலம் அதுதான்.

பெட்டி இருக்கும் சரியான இடம் காலப்போக்கில் மறந்துபோனது. 1864இல் பழுதுபார்க்கும் வேலையின்போது பீடத்துக்கு அடியில் தென்பட்டது. அதன் கீழே அருகருகே இரண்டு பழைய கல்லறைக் குழிகள், காலியாக. 1871இல் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே மூன்று எலும்புக்கூடுகள். 1897 முதல் வெள்ளியும் படிகமும் சேர்த்த பேழையில் நிலவறையில் இருக்கின்றன. அம்புரோசுக்கு ஆயர் உடுப்பு, தலையில் ஆயர் முடி. மற்ற இருவருக்கு மறைசாட்சிகளின் சிவப்பு.

கேள்வி: அவை அவர்களுடைய எலும்புதான் என்று அறிவியல் ஏதாவது சொல்கிறதா?

2018இல் மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மானுடவியல் குழு, கிறிஸ்தீனா கத்தானெயோ தலைமையில், மூன்றையும் ஆராய்ந்தது. ஒருவர் வயதானவர், அறுபதை ஒட்டி. அம்புரோஸ் இறந்த வயது கிட்டத்தட்ட 57, 58. தோள்பட்டைக் காறை எலும்பு உடைந்து சேர்ந்த பழைய அடையாளம் உண்டு. முகத்தின் இரண்டு பக்கமும் சமமாக இல்லை.

கடைசி விஷயம்தான் என்னைச் சிலிர்க்க வைத்தது. அதே கோவிலோடு சேர்ந்த புனித விக்டர் சிற்றாலயத்தில் 5ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்று இருக்கிறது. அவர் இறந்து நூறு வருடத்துக்குள் செய்தது. அதில் அம்புரோஸ் மெலிந்த, சின்ன உருவம், குட்டைத் தாடி. ஒரு கண் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது. கலைஞரின் கை நழுவியிருக்கும் என்றே சொல்லிவந்தார்கள். நழுவவில்லை போலிருக்கிறது.

மற்ற இருவரும் இருபதுகளில் இறந்த வாலிபர்கள். உயரம் 180 சென்டிமீட்டர் அளவில். அந்தக் காலத்துக்கு நெடிய ஆட்கள். “வியக்கத்தக்க உருவம்” என்று 386இல் எழுதிய கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். இருவருக்கும் பொதுவான பிறவி அமைப்புகள் இருந்ததால் சகோதரர்களாக இருக்கலாம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். அம்புரோஸ் தோண்டியெடுத்த அதே இருவர்தான் இன்றும் பேழையில் இருக்கிறார்கள் என்பதை இது நன்றாகத் தாங்குகிறது. அவர்கள் மறைசாட்சிகளா, ஜெர்வாசியுஸ் புரொத்தாசியுஸ் என்ற பெயர் சரியா என்பதை எலும்பு சொல்லாது. மேலே கேட்ட நம்பிக்கையில்லாத நண்பருக்கும் இதுதான் என் பதில்: உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்தது, பாதி அப்படியே நிற்கிறது.

கேள்வி: பேரரசர் தியடோசியசைக் கோவில் வாசலில் கையை நீட்டித் தடுத்தாரே, அது உண்மையா?

ஓவியங்களில் மட்டும். வாசலில் தடுத்த காட்சி பிற்காலத்தில் தியோதொரேத்து என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதியது. நிஜத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. 390இல் தெசலோனிக்காவில் ஒரு தேரோட்டியைச் சிறைவைத்ததற்காகக் கூட்டம் கொதித்து, ராணுவத் தளபதியைக் கொன்றது. பதிலுக்குப் படை ஜனங்களை வெட்டிச் சாய்த்தது. 7,000 பேர் என்கிறார் அதே தியோதொரேத்து. அம்புரோஸ் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பேரரசர் வருமுன் ஊரை விட்டுப் போய்விட்டார். போய், எழுத்தரிடம் சொல்லாமல், தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் நிற்கும் இடத்தில் பலி ஒப்புக்கொடுக்க எனக்குத் துணிவில்லை, விவிலியத்தில் வரும் தாவீது அரசரைப் போல மனம் வருந்துங்கள் என்று. ஊர் சிரிக்கவிடாமல், தப்பிக்கவும் விடாமல் எழுதியிருக்கிறார், பழைய வக்கீல் ஆயிற்றே. பேரரசர் அரச உடுப்பைக் கழற்றிவிட்டு, எல்லாரும் பார்க்கப் பாவப்பரிகாரம் செய்தார்.

கேள்வி: எல்லாம் நல்லதாகவே சொல்கிறீர்கள். குறையே இல்லையா?

இருக்கிறது, சின்னதும் இல்லை. 388இல் யூப்பிரத்தீசு கரையில் கல்லினிக்கும் என்ற ஊரில் கிறிஸ்தவர்கள் யூதர்களின் தொழுகைக் கூடத்தைக் கொளுத்தினார்கள், உள்ளூர் ஆயர் தூண்டி. ஆயரே தன் செலவில் திரும்பக் கட்டித்தரட்டும் என்று தியடோசியஸ் சரியாகவே உத்தரவிட்டார். அம்புரோஸ் எதிர்த்தார். கடிதம் பலிக்காததால், கோவிலில் பேரரசரை நேருக்கு நேர் நிறுத்தி, உத்தரவை வாபஸ் வாங்கும்வரை பலியைத் தொடர மாட்டேன் என்றார். ஜெயித்தார். தெசலோனிக்காவில் அப்பாவிகளுக்காகப் பயன்பட்ட அதே ஆயுதம், இங்கே கொளுத்தியவர்களைக் காப்பாற்றப் பயன்பட்டது. மறைக்கல்வி வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெற்றோர் சண்டைக்கே வந்துவிட்டார்.

நல்லதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சமன் செய்ய அல்ல, மறந்துவிடுவேன் என்பதால். 378இல் அத்ரியானோப்பிள் போரில் ரோமப் படை தோற்றபின், கைதிகளை மீட்கக் கோவிலின் தங்கப் பாத்திரங்களை உருக்கி விற்றார். ஆரியுஸ் கட்சி அதைப் பெரும் குற்றமாகப் பேசியது.

கேள்வி: அகுஸ்தினாரை மனம் மாற்றியவர் இவர்தானே?

பாதி. அகுஸ்தினார் மிலானுக்கு வந்தது பேச்சுக்கலைப் பேராசிரியராக. முதலில் பிரசங்கத்தின் கருத்துக்காகப் போகவில்லை, நடைக்காகப் போனார். தனியாகப் பேச நேரம் கேட்டு உள்ளே போனால், ஆயர் படித்துக்கொண்டிருப்பார், வாய்விட்டு அல்ல, கண்ணால் மட்டும். தொந்தரவு செய்ய மனமில்லாமல் அகுஸ்தினார் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆக, நீண்ட உரையாடல் எதுவும் நடக்கவில்லை. 387 பாஸ்கா திருவிழிப்பில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் அம்புரோஸ். அந்த எண்கோணத் தொட்டியின் அடித்தளம் இன்றைய மிலான் பேராலயத்துக்குக் கீழே இருக்கிறது, சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மோனிக்காவுக்கு ஒரு குழப்பம்: ரோமில் சனிக்கிழமை நோன்பு, மிலானில் இல்லை. தான் என்ன செய்வது? அம்புரோஸ் சொன்னார்: நான் ரோமுக்குப் போனால் நோன்பிருப்பேன், இங்கே இருந்தால் இருக்க மாட்டேன். நீங்களும் போகிற ஊரின் வழக்கப்படி நடந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மகனைப் பார்க்க மிலான் போகிறேன். எப்போது போனால் நல்லது, எதைத் தவறவிடக் கூடாது?

டிசம்பர் 7 அமைந்தால் அதிர்ஷ்டம், ஊரே விடுமுறை. தெருச்சந்தை கூடும். லா ஸ்காலா இசை அரங்கின் பருவம் தொடங்குவதும் அன்றுதான். கூட்டம் பிடிக்காதென்றால் சாதாரண நாள் காலையே மேல். மிலான் மறைமாவட்டத்தில் அம்புரோஸ் பெயரால் தனி வழிபாட்டு முறை இருக்கிறது. திருவருகைக்காலமே அங்கு ஆறு வாரம். திருப்பலி நமக்குப் பழகியதிலிருந்து சற்று மாறியிருக்கும், திகைக்காதீர்கள்.

சான்ட் அம்ப்ரோஜோ கோவிலுக்குள் போனதும் முதலில் நிலவறைக்கு இறங்கிவிடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். மொசைக்கைப் பாருங்கள், அந்தத் தாழ்ந்த கண்ணை. அப்புறம் பீடத்தின் பின்பக்கம் பொற்கொல்லரைத் தேடுங்கள். கடைசியாக இறங்குங்கள். கம்பிக்கு அந்தப்பக்கம் மங்கலான வெளிச்சத்தில் மூவரும் ஒரே பேழையில் படுத்திருப்பார்கள். வலப்பக்கம், இடப்பக்கம் என்ற பிரிவெல்லாம் அஞ்சில்பெர்த் காலத்திலேயே போய்விட்டது. முழங்கால் போட இடம் இருக்கிறது. குளிர்காலத்தில் தரை சில்லென்று இருக்கும், கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.